கைக்கு எவ்வளவு வரும்?

"சார், பதினாறாயிரத்து ஐநூறுன்னுதானே சொன்னீக?"

கல்லல் பக்கத்து ஊர் ஒன்றில் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து கேட்டார். சுருக்குப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். மகனின் சம்பளச் சீட்டு. அவன் வாட்ஸப்பில் அனுப்பியதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து எடுத்து வந்திருக்கிறார்.

மொத்தச் சம்பளம் 16,500. பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 1,440. இஎஸ்ஐ (மருத்துவக் காப்பீடு) 124. விடுதிக்கு 1,500. சாப்பாட்டுக்கு 2,200. கடைசி வரியில் 11,236. பையன் வீட்டுக்கு அனுப்பியது 7,000. மீதித் தொகையை நான் விழுங்கிவிட்டதாக அந்த அம்மா சொல்லவில்லை. ஆனால் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது.

சீட்டில் தவறு ஒன்றும் இல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. அதில் 12 சதவீதம் பிஎஃப். மொத்தத்தில் 0.75 சதவீதம் இஎஸ்ஐ. இரண்டும் சட்டப்படியான பிடித்தம். தவறு என்னுடையது. ஆறு மாதம் முன்பு அதே ஊர்ச் சாவடியில் மைக்கைப் பிடித்து "16,500 சம்பளம்" என்று சொன்னவன் நான்தான். பிடித்தம் என்ற சொல்லே அன்று என் வாயில் வரவில்லை. சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம். அந்தப் பையன் மூன்றாவது மாதம் ஊர் திரும்பிவிட்டான்.

காரைக்குடியைச் சுற்றிக் கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை, கண்ணங்குடி ஒன்றியங்களில் பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. படித்து முடித்து, அல்லது பாதியில் விட்டு, வீட்டில் இருக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சியில் சேர்ப்பது, பிறகு வேலையில் சேர்ப்பது. ஊரில் எனக்கு "ஆள் பிடிக்கிறவர்" என்று பெயர். பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லாதவரை சந்தோஷம்.

எங்கள் பேட்சுகளில் பெரும்பாலானவை 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் வருபவை. 15 வயது முதல் 35 வயது வரை சேரலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ள குடும்பம், நூறு நாள் வேலைக்குப் போன குடும்பம், மகளிர் குழுவில் இருக்கும் குடும்பம் என்றால் பயிற்சி, சீருடை, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். மகளிர் திட்டத்தில் நடத்தும் இளைஞர் திறன் திருவிழாவில் பேர் கொடுத்தால் போதும். இவ்வளவும் நோட்டீஸிலேயே இருக்கும். நோட்டீஸில் இல்லாதது வேறு. ஒருவர் மூன்று மாதம் வேலையில் நிலைத்தால்தான் அவருக்கு வேலை கிடைத்ததாக அரசு கணக்கில் எடுக்கும். புதிய ஊரில் காலூன்ற மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் திட்டம் வந்தபோது வகுத்த விதிகளில் உண்டு: சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் என்றால் மூன்று, வெளி மாநிலம் என்றால் ஆறு. பயிற்சி மையத்தில் இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பலர் சொல்வதில்லை.

திரும்பி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் முதல் சம்பளத்துக்கும் மூன்றாவது சம்பளத்துக்கும் நடுவில்தான் வருகிறார்கள். "சோம்பேறிப் பயலுக, ஊர்ல சுத்திப் பழகிட்டாங்க" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு திரும்பியவர்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் ஏன் வந்தாய் என்று கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இரவு ஷிஃப்ட் என்று சொல்லவே இல்லை. பத்தாம் தேதி சேர்ந்தவனுக்கு அடுத்த மாதம் ஏழாம் தேதிதான் சம்பளம், அதுவரை கையில் காசு இல்லை. பத்துப் பேர் அறையில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு லீவு தரவில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவனும் உண்டு. அவனை நான் குறை சொல்ல மாட்டேன், மார்கழிக் கடைசியில் அவனை வேலைக்கு அனுப்பிய என்னைத்தான் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் தை பிறந்து, மாடு அவிழ்த்து, அலுப்புத் தீர்ந்த பிறகுதான் பேட்சை அனுப்புகிறோம்.

ஒரு நாள் கானாடுகாத்தானில் ஒரு வயதான ஆச்சியிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பச்சி பர்மாவில் கடையில் இருந்தவர். "பெட்டியடிப் பையனாப் போறப்ப எத்தனை வயசுன்னு நெனக்கிறீக? மீசை கூட மொளக்கல" என்றார். செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் கடைகளில் அதுதான் முதல் படி. கைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்க்க வேண்டும், வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும், சிட்டை (அன்றாடக் கணக்கு) எழுதப் பழக வேண்டும். பிறகு உதவியாளரான அடுத்தாள், அதன் பிறகு கடைப் பொறுப்பாளரான மேலாள். கிளம்பும்போதே எத்தனை வருடம், எவ்வளவு சம்பளம், எப்போது ஊர் திரும்பலாம் என்று பேசி முடித்திருப்பார்கள். பக்கத்து ஊர் அடுத்தாள் ஒருவர் அங்கே இருப்பார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டு. அந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரே சமூகத்துக்குள் சுழன்றது, நகரத்தாரின் பெரிய வீடுகளுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டியடியில் இடம் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் புறப்படும் முன்பே கணக்கைப் பேசி, தெரிந்த ஆள் ஒருவரோடு அனுப்பிவைத்த அந்த முறை என் மண்டையில் ஏறிக்கொண்டது.

இந்த வருடம் நாங்கள் செய்த மாற்றம் இரண்டுதான். ஒரே ஊரிலிருந்து தனியாக ஒருவரை அனுப்புவதில்லை. இரண்டு பேராவது சேர வேண்டும், அல்லது அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே நம் பக்கத்து ஆள் ஒருவர் இருக்க வேண்டும். இன்னொன்று, கணக்குத் தாள். ஒரே பக்கம், தமிழில். மொத்தச் சம்பளம், ஒவ்வொரு பிடித்தம், கைக்கு வருவது, முதல் சம்பளம் வரும் தேதி, ஷிஃப்ட் நேரம், வார விடுமுறை, விடுதியின் விலாசம். கம்பெனி ஆளிடமிருந்து வாங்கி நிரப்பி, பயிற்சியில் சேரும் முன்பே வீட்டில் கொடுத்துவிடுகிறோம். சில கம்பெனிகள் நிரப்பித் தரத் தயங்கின. அங்கே பிள்ளைகளை அனுப்பவில்லை. எங்கள் மேலிடத்துக்கு அதில் வருத்தம். எண்ணிக்கை குறையுமே!

தாளைக் கொடுக்கும்போது அப்படியே சில விஷயங்களைச் சொல்லிவிடுவேன். பிஎஃப் பிடித்தால் காசு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் போடும் அளவுக்கு முதலாளியும் போட வேண்டும். யுஏஎன் என்கிற பிஎஃப் எண் ஆயுளுக்கும் ஒன்றுதான், அடுத்த வேலைக்குப் போனாலும் அதையே சொல்லிப் பழைய பணத்தை மாற்றிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளோ கம்பெனிக்குக் கம்பெனி புது எண் வாங்கிவிட்டு எதிலும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இருக்கிறார்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. உங்களை நம்பி வாழும் பெற்றோரையும் அதில் சேர்க்கலாம். அப்புறம், அசல் சான்றிதழ். சரிபார்க்கக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். யார் கேட்டாலும் அசலைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் திரும்ப வாங்க மட்டும் ஒரு பையனோடு மூன்று தடவை ஒரு அலுவலக வாசலில் நின்றிருக்கிறேன்.

பெண் பிள்ளைகளை அனுப்பும் முன் அவர்களுடைய அம்மாக்கள் ஐந்து பேரை வேனில் ஏற்றி விடுதியைக் காட்டினோம். கழிவறைக் கதவின் தாழ்ப்பாளை ஒருவர் போட்டுப் போட்டுப் பார்த்தார். எந்த அதிகாரியும் அப்படிச் சோதித்து நான் பார்த்ததில்லை.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று கிளம்புகிறவர்களுக்கு இதே கணக்கு இன்னும் கறாராக வேண்டும். அவர்கள் எங்கள் திட்டத்தில் வர மாட்டார்கள், ஆனால் பணம் போன பிறகு எங்களிடம்தான் வருவார்கள். மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். "விசிட் விசால போ, அங்க போயி மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் இந்த விசிட் விசா வழி. சிங்கப்பூர் என்றால் ஐபிஏ எனப்படும் வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல் கடிதத்தில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் அச்சிட்டிருக்கும். ஏஜெண்ட் வாயால் சொன்ன தொகையும் அந்தக் கடிதத்தில் இருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்க்காமல் நகையை அடகு வைக்காதீர்கள்.

எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் போடும் பட்டறைக்கு ஒரு பேட்சை அழைத்துப் போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிமெண்டு கலந்த சாயத்தைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் வழித்துவிடுகிறார்கள். சூளை கிடையாது. காய்ந்ததும் நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்து எடுத்தால், கண்ணாடியைப் பிரித்த இடம் பளபளவென்று இருக்கும். ஐடிஐ முடித்த ஒரு பையன் அச்சைத் தூக்கும்போது கை நடுங்கிச் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. பட்டறைக்காரர் திட்டவில்லை. "இன்னொண்ணு போடு தம்பி" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் பதினொரு கல் கெடுத்துப் பன்னிரண்டாவதைச் சரியாகப் போட்டான். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறான். அவன் அப்பத்தா மட்டும் என்னிடம் பேசுவதில்லை. "கல்லு போடவா ஐடிஐ படிச்சான்?" என்று தெருவில் நின்று கேட்டதோடு சரி.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பழைய வீடுகளை விடுதிகளாக மாற்றும் வேலை நடக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார், தேக்குக் கதவைப் பழுது பார்க்கும் ஆசாரி என்று தேடினால் கிடைப்பவர்கள் எல்லாம் வயதானவர்கள். இந்த வேலைகளுக்கு முறையான பயிற்சி ஒன்று இந்தப் பக்கத்தில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

சொந்தமாகத் தொழில் வைக்க நினைப்பவர்களுக்கு வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-ல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய முறை இது. தங்கிப் படிக்கலாம், கட்டணம் இல்லை. தையல், செல்போன் பழுது, ஆடு வளர்ப்பு என்று சில வாரங்களில் முடியும். பயிற்சி முடிந்து இரண்டு வருடம் அவர்கள் உங்களைப் பின்தொடர வேண்டும் என்பது விதி. கடனுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும்போது இதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். நம் சிவகங்கை மாவட்டத்தின் முன்னோடி வங்கியான இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-ல் சென்னை, ரங்கூனோடு ஒரே நாளில் காரைக்குடியிலும் கடை திறந்தது. அந்த வாசலில் தயங்கி நிற்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

சம்பளச் சீட்டோடு வந்த அந்த அம்மாவைப் போன மாதம் திரும்பப் பார்த்தேன். இளைய மகள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். கணக்குத் தாளைக் கொடுத்தேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சாப்பாட்டுப் பிடித்தம் 2,000 என்ற வரியில் நிறுத்தச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம கறி போடுவாகளா?"

தாளில் அது இல்லை. கம்பெனி ஆளுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். போடுவார்களாம். அடுத்த கூட்டம் சாக்கோட்டைப் பக்கம், வெள்ளிக்கிழமை. அதற்குள் தாளில் ஒரு வரி சேர்த்து நாற்பது நகல் எடுக்க வேண்டும்.