சொல் விளக்கம்: டேக்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடத் திட்டம் போடுகிறவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால், துப்பாக்கியைவிட அதிகமாகக் காதில் விழும் சொல் ‘டேக்’. “வயோமிங்கில் இந்த வருஷம் டேக் விழுந்ததா?” என்று ஒருவர் கேட்பார்; பல டேக்குகள் குலுக்கலில்தான் கிடைக்கும். “கொலராடோ டேக் கையில் இருக்கிறது, கூட வர ஆள்தான் இல்லை” என்பார் இன்னொருவர். வெளிமாநிலத்திலிருந்து போகிறவருக்கு விடுப்பு, வண்டி, கூடாரம் எல்லாம் அப்புறம்தான். டேக் இல்லையென்றால் பயணமே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் இதை ‘உரிமம்’ அல்லது ‘அனுமதி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வேட்டை உரிமம் ஆளுக்குத் தருவது. இவர் இந்த மாநிலத்தில் வேட்டையாடலாம் என்பதோடு அதன் வேலை முடிந்தது. டேக் விலங்குக்கு உரியது. இந்த இனத்தில் ஒன்றே ஒன்று, இன்ன பகுதியில், இன்ன தேதிக்குள், இன்ன ஆயுதத்தால் என்று அது கட்டிப்போடும். ஆணா பெண்ணா என்பதையும் பல டேக்குகள் முடிவு செய்துவிடும். சில மாநிலங்களில் உரிமம், டேக் இரண்டையும் தனித்தனியாக வாங்க வேண்டும். வயோமிங்கிலும் கொலராடோவிலும் ‘எல்க் லைசன்ஸ்’ என்று விற்கும் தாளிலேயே டேக் ஒரு துண்டாக இருக்கும். பேச்சில் முழுத் தாளையும் டேக் என்றே சொல்லிவிடுவார்கள்.

இந்த வேறுபாடு வேலை விசாவில் அங்கே இருக்கும் நம்மவர்களுக்கும் முக்கியம். தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று. சட்டம் கேட்பது உரிமத்தை, டேக்கை அல்ல. அலாஸ்காவுக்குப் போவதானால் இன்னொரு முடிச்சும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களான வெளிமாநிலத்தவர் பழுப்புக் கரடி, டால் செம்மறி, மலையாடு ஆகியவற்றுக்கு மட்டும் வழிகாட்டியையோ அங்கே வசிக்கும் நெருங்கிய உறவினரையோ கூட்டிப்போனால் போதும். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிராத வெளிநாட்டுக் குடிமக்களோ எந்தப் பெருவிலங்குக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும்.

பெருவிலங்கு என்றேனே, அது ‘பிக் கேம்’ என்பதற்கு. பழைய ஆங்கிலத்தில் ‘கேம்’ என்பதன் மூலச்சொல்லுக்கு மகிழ்ச்சி, கேளிக்கை என்று பொருள். பிறகு வேட்டைக் கேளிக்கையையும், அதிலிருந்து வேட்டையாடப்படும் விலங்கையும் குறித்தது. இதைப் ‘பெரிய விளையாட்டு’ என்று பெயர்க்கும் இயந்திரங்களை மன்னித்துவிடலாம், மனிதர்களை முடியாது. எல்க்கை எல்க் என்றே எழுதுவது நல்லது. கடமான், மிளா என்றால் நம் காட்டுச் சாம்பார் மான். அது வேறு இனம்.

‘டேக்’ ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது சுமார் 1400-இல். அன்றைக்கு அது ஆடையின் விளிம்பில் தொங்கும் சிறு துணுக்கு. ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் கருத்து. சுவீடிஷ் மொழியில் இதையொத்த சொல்லுக்கு முள், கூர் என்று பொருள். பிறகு கயிற்று நுனியில் பூட்டும் உலோகக் கூருக்கு அந்தப் பெயர் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பொருளின் மேல் கட்டித் தொங்கவிடும் அடையாளத் துண்டு டேக் ஆனது. வேட்டைக்காரர்களின் டேக் இந்தக் கடைசிப் பொருளிலிருந்து வந்தது. செத்த விலங்கின் மேல் உண்மையாகவே அதைக் கட்ட வேண்டும்.

அந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் சொல்லின் பொருள் தெளிவாகும். ஐடஹோ டேக்கின் ஓரத்தில் மாதங்களும் தேதிகளும் சிறு முக்கோணங்களாக அச்சாகியிருக்கும். விலங்கு விழுந்ததும் அன்றைய மாதத்தையும் தேதியையும் கத்தி நுனியால் முழுதாக வெட்டி எடுத்துவிட வேண்டும்; கீறிவிட்டால் மட்டும் போதாது. வயோமிங்கில் துண்டைப் பிரித்து, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு உடலில் இணைக்க வேண்டும். கொம்பிலோ பின்னங்காலிலோ பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிக் கட்டுவார்கள். முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும் என்பதால் அதை அங்கேயே கூறு போட்டுத்தான் மலையிலிருந்து இறக்க முடியும். டேக் இறைச்சியோடு போக வேண்டும். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பையும் ஒரு துண்டில் ஒட்டியபடி விட்டுவைக்கச் சொல்லும் மாநிலங்கள் உண்டு. ஆரிகன், மொன்டானா போன்ற இடங்களில் இப்போது செல்பேசிச் செயலியிலேயே டேக் வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் தயாரான சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. நீலகிரியில் 1879-லேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கச் சட்டம் வந்து உரிம முறை ஏற்பட்டது. ஆனால் அது ஆங்கிலேய அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் புழங்கிய உலகம். அதன் சொற்கள் தமிழுக்குள் பெரிதாக இறங்கவில்லை. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991-இல் அது திருத்தப்பட்ட பிறகு வேட்டையே குற்றமாகிவிட்டது. புழக்கம் இல்லாத இடத்தில் சொல் எப்படி வளரும்?

கணினியில் டேக் என்பதற்குக் ‘குறிச்சொல்’ என்கிறோம். இங்கே அது பொருந்தாது. ‘அடையாள வில்லை’ என்றால் கட்டுவது தெரிகிறது, உரிமை தெரியவில்லை. ‘அனுமதி’யில் உரிமை தெரிகிறது, கட்டுவது தெரியவில்லை. என் ஓட்டு ‘சீட்டு’க்குத்தான். பொதுவாக வேட்டைச் சீட்டு. குறிப்பாக எல்க் சீட்டு, மான் சீட்டு, கரடிச் சீட்டு. கையில் பிடிக்கிற தாள், ஒரு முறை பயன்படுத்தும் உரிமை, குலுக்கலில் விழுவது, மூன்றும் சீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. பயன்படுத்தியதும் ‘சீட்டுக் கிழிந்தது’ என்று சொல்லவும் வசதி. எல்க்குக்கும் அது பொருந்தும்.

இதோடு ஒட்டிவரும் ‘நான்-ரெசிடென்ட்’ என்ற சொல்லைக் ‘குடியுரிமை இல்லாதவர்’ என்று எழுதுவது தவறு. டெக்சாஸில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர் வயோமிங்குக்கு வேட்டையாடப் போனால் அவரும் நான்-ரெசிடென்ட்தான். ‘வெளிமாநிலத்தவர்’ என்பதே சரி. உள்ளூர்க்காரர் ஆக கொலராடோவில் ஆறு மாதம் வசித்திருக்க வேண்டும், வயோமிங்கில் முழுதாக ஓர் ஆண்டு. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. 1976-இல் மொன்டானாவில் உள்ளூர்க்காரருக்கு எல்க் உரிமம் 9 டாலர். வெளிமாநிலத்தவரோ எல்க் வேண்டுமென்றால் 225 டாலர் கொடுத்துப் பல விலங்குகளுக்கான கூட்டு உரிமத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம், எல்க் வேட்டை பொழுதுபோக்கு, பிழைப்புக்கான அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லி மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. விலை வேறுபாடு இன்றும் எல்லா மேற்கு மாநிலங்களிலும் தொடர்கிறது. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. அந்த விலங்குகளை ஆண்டு முழுக்கப் பராமரிக்கும் செலவில் பெரும்பங்கு இந்த விற்பனையிலிருந்துதான் வருகிறது.

விலையைவிடக் கடினமானது சீட்டுகளின் எண்ணிக்கை. நியூ மெக்சிகோ தன் குலுக்கலில் 84 விழுக்காட்டை உள்ளூர்க்காரருக்கும், 10 விழுக்காட்டை வழிகாட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவருக்கும் ஒதுக்கிவிட்டு, தனியாக வரும் வெளிமாநிலத்தவருக்கு 6 விழுக்காடு வைக்கிறது. கொலராடோவிலும் வயோமிங்கிலும் ‘பிரிஃபரன்ஸ் பாயின்ட்’ முறை. சீட்டு விழாத ஒவ்வோர் ஆண்டும் ஒரு புள்ளி சேர்த்துவைக்கலாம், அதிகப் புள்ளிக்காரர் முன்னால் போவார். முன்னுரிமைப் புள்ளி என்று தாராளமாகச் சொல்லலாம். நெவாடாவின் ‘போனஸ் பாயின்ட்’ வேறு. அங்கே புள்ளி கூடினால் குலுக்கலில் நம் பெயர் கூடுதல் முறை கிடக்கும், அவ்வளவே. முதல் முறை விண்ணப்பித்தவருக்கும் விழலாம்.

ஆக, செப்டம்பரிலோ அக்டோபரிலோ மலையேற நினைப்பவருக்கு வேலை குளிர்காலத்திலேயே தொடங்குகிறது. கொலராடோ விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்துவிடும். அங்கே 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவரென்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். வயோமிங்கில் கூட்டரசு ‘வனாந்தரம்’ என்று அறிவித்த பகுதிக்குள் வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ, அதற்கென இலவச உரிமம் பெற்ற உள்ளூர்க்காரரோ இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. கிடைத்த சீட்டின் எல்லை அந்த வனாந்தரத்துக்குள் எவ்வளவு போகிறது என்பதை விண்ணப்பிக்கும் முன்பே வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

விலங்கு கிடைக்காமல் திரும்புவதை ‘டேக் சூப்’ என்பார்கள்: இறைச்சி இல்லை, சீட்டைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டியதுதான் என்று பொருள். அந்தச் சீட்டு அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. முதல் விருப்பமாகக் கேட்ட சீட்டு விழுந்த அன்றே சேர்த்துவைத்த முன்னுரிமைப் புள்ளிகளும் பூஜ்யத்துக்குப் போயிருக்கும்.