பச்சைக் குழந்தையின் நெஞ்சில் ஸ்கேன் வைத்தால் கதிர் பாயாது

பச்சைக் குழந்தைக்கு ஸ்கேன் வைத்தால் கதிர் பாயும் என்று இந்த மாதமும் ஒரு குடும்பம் சொன்னது. 33 வாரத்தில் பிறந்த குழந்தை. பக்கத்து ஊரில் பிரசவமாகி, ஆம்புலன்ஸில் எங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல், விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்தும் சிபாப் கருவியை மாட்டிவிட்டு, நுரையீரலைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். குழந்தையின் தாத்தா வாசலிலேயே மறித்தார். "எக்ஸ்ரே வேணும்னா எடுத்துக்கங்க டாக்டர். பச்சப் புள்ளைக்கு ஸ்கேன் மட்டும் வேணாம், கதிரு பாயும்." அப்பாவும் தலையாட்டினார். பேசிப் புரியவைத்து உள்ளே போவதற்குள் அரை மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. மூச்சுக்குப் போராடும் குறைமாதக் குழந்தைக்கு அரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். கதிர்வீச்சு இருப்பது எக்ஸ்ரேயிலும் சி.டி. ஸ்கேனிலும். அல்ட்ராசவுண்டில் துளிகூடக் கிடையாது. அது வெறும் ஒலி. நம் காதுக்கு எட்டாத அளவு அதிர்வுள்ள ஒலி உள்ளே போய், பட்டுத் திரும்பி வருகிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வருமே, அதுபோல. திரும்பி வந்ததைக் கருவி படமாக்கிக் காட்டுகிறது. அம்மாவின் வயிற்றில் இதே குழந்தையை இரண்டாம் மாதத்திலிருந்து பார்த்ததும் இதே ஒலியால்தான். கை கால் உருவாகிக்கொண்டிருந்தபோது பயப்படாதவர்கள், பிறந்த பிறகு பயப்படுவதில் என்ன நியாயம்? ஒலியிலும் ஆற்றல் உண்டு என்பதால், குறைந்த அளவில் வைத்து, தேவையான நேரம் மட்டுமே பார்க்கிறோம். பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நாளைக்கு யாரும் எக்ஸ்ரேயை மறிக்க வேண்டாம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர் மிக மிகக் குறைவு. மூச்சுக்குழாய்க்குள் வைத்த டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க இன்றும் எக்ஸ்ரேதான் எடுக்கிறோம். நுரையீரலின் ஆழத்தில் மட்டும் இருக்கும் கோளாறு, மேல்பரப்பைத் தொடாதவரை அல்ட்ராசவுண்டில் தெரியாது. எது எப்போது வேண்டும் என்பதை எங்களிடம் விடுங்கள்.

அப்புறம், "தண்ணி குடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று மூச்சுத் திணறும் குழந்தையின் வீட்டாரிடம் சில இடங்களில் சொல்லி அனுப்புகிறார்களே, அதற்கு வருகிறேன். சில குழந்தைகளுக்கு அது உண்மைதான். வயிற்றில் இருக்கும்போது எல்லாக் குழந்தையின் நுரையீரலிலும் நீர் இருக்கும். பிறந்ததும் அது வடியத் தாமதமானால் மூச்சு வேகமாக ஓடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். ஆனால் குறைமாதக் குழந்தைக்குக் கோளாறு வேறாக இருக்கலாம். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிப்போகாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் போதாமல் இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, பிறந்த முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் முழுப் பலன். மூன்றாவது வகையில் நுரையீரல் கிழிந்து காற்று வெளியே கசிந்து நெஞ்சை அழுத்தும். அங்கே நிமிடக் கணக்கு. மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி முனகல், ஒரே மாதிரி குழி. முதல் சில மணி நேரத்தில் முதல் இரண்டையும் எக்ஸ்ரேயில் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

அல்ட்ராசவுண்டில் இவை வேறுவேறாகத் தெரியும். நல்ல நுரையீரலில், மேலே ஒரு வெள்ளைக் கோடு மூச்சோடு சேர்ந்து வழுக்கி வழுக்கிப் போய்வரும். அதற்குக் கீழே சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள். நீர் இருந்தால் அந்த மேல்கோட்டிலிருந்து திரையின் அடிவரை செங்குத்தாக வெள்ளைக் கோடுகள் இறங்கும். நீர் வடியத் தாமதமான குழந்தைக்குக் கீழ்ப்பகுதி வெளுத்தும், மேல்பகுதி அவ்வளவு வெளுக்காமலும், நடுவில் எல்லை போட்டது போலவும் பலமுறை தெரியும். இத்தாலியில் கொபெட்டி, கட்டாரொசி என்ற மருத்துவர்கள் இருவரும் 2007இல் எழுதியது இதைத்தான். சர்ஃபாக்டன்ட் இல்லாத நுரையீரலில் இரண்டு பக்கமும் முழுக்க வெள்ளை, மேல்கோடு தடித்து ஒழுங்கில்லாமல் இருக்கும். காற்று கசிந்திருந்தால் அந்த வழுக்கல் நின்றுவிடும். பக்கத்துக்கு மூன்று இடமாக ஆறு இடத்தில் பார்த்து, இடத்துக்கு 3 வரை மதிப்பெண் போட்டு, 18க்கு எவ்வளவு என்று கூட்டுகிறோம். கூடக் கூட, மருந்து தேவைப்படும் வாய்ப்பும் கூடும்.

நான் படித்த காலத்தில், காற்று நிறைந்த இடத்தில் ஒலி போகாது, ஆகவே நுரையீரலுக்கு இது உதவாது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பிரான்சில் லிஷ்டென்ஸ்டைன் என்ற மருத்துவர் அந்தக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. 2020இல் ஐரோப்பியக் குழந்தைத் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் இதற்கு வழிகாட்டுதலே வெளியிட்டுவிட்டார்கள். இன்னும் பழைய பாட்டைப் பாடும் சக மருத்துவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி கருவியைப் பதிவு செய்ய வேண்டும், அலைச்சல் என்கிறார்கள். அலைச்சல்தான். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம், அது இருக்கத்தான் வேண்டும். முறைப்படி பதிவு செய்து, பயிற்சி எடுத்து, கருவியை வையுங்கள். செவிலியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கித் தடவுங்கள், குறைமாதக் குழந்தையின் உடம்பு சில்லிட்டால் மூச்சு இன்னும் மோசமாகும். ஒரு குழந்தையின் நெஞ்சில் வைத்த கருவிமுனையை (புரோப்) துடைக்காமல் அடுத்த குழந்தைக்குக் கொண்டுபோகவே கூடாது.

குடும்பங்களுக்கு. நாள், நட்சத்திரம் பார்த்து 37ஆவது வாரத்திலேயே சிசேரியன் கேட்காதீர்கள். பிரசவ வலியே குழந்தையின் நுரையீரல் நீரை வடியவைக்க உதவுகிறது. வலி வராமல் முன்கூட்டியே எடுத்த குழந்தைகளுக்குத்தான் மூச்சு வேகம் அதிகம் வருகிறது. மருத்துவக் காரணம் எதுவும் இல்லையென்றால் 39 வாரம்வரை பொறுங்கள். முன்கூட்டியே வலி வந்தால் மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு ஊசியைத் தட்டாதீர்கள், அது குழந்தையின் நுரையீரலுக்காகப் போடுவது.

பிறந்த பிறகு, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 60ஐத் தாண்டினாலோ, முனகினாலோ, மூக்கு விடைத்தாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடும் நாக்கும் நீலமானாலோ உடனே சொல்லுங்கள். அந்த நிலையில் சேனை, சர்க்கரைத் தண்ணீர் எதையும் வாயில் வைக்காதீர்கள், நேராக நுரையீரலுக்குள் போகலாம். ஸ்கேன் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றும் கிளம்பாதீர்கள். கருவிதான் குழந்தையிடம் வர வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னால், பிறந்த நேரம், எத்தனை வாரம், என்ன ஊசி போட்டார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு 108இல் வாருங்கள்.