பால்சா: தெப்பத்தின் பெயரில் ஒரு மரம்

பால்சா (பெயர்ச்சொல்): நடு, தென் அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு மரம், அதை அறுத்துச் சூளையில் உலர்த்திய இலேசான பலகை. ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான். பல்சா, பால்ஸா என்றும் எழுதுவார்கள். தாவரவியல் பெயர் ஒக்ரோமா பிரமிடேல். விற்பனைக்கு வருவதில் பெரும்பங்கு ஈக்வடாரில் விளைந்தது.

சொல் ஸ்பானியம். அந்த மொழியில் பால்சா என்றால் தெப்பம். தடிகளைக் கட்டி நீரில் விட்ட மிதவையின் பெயர் கடைசியில் தடிக்கே ஒட்டிக்கொண்டது. குமரிக் கரையில் நடந்தது நேர்மாறு: சேர்த்துக் கட்டிய தடிகள் கட்டுமரம் ஆயின, கடற்கரைப் பேச்சில் அது சுருங்கி வெறும் ‘மரம்’ என்றே கலத்துக்குப் பெயர் நின்றுவிட்டது. 1947-இல் தோர் ஹெயர்டால் பெருவிலிருந்து பாலினீசியத் தீவுகள்வரை 101 நாள் சென்ற கோன்-டிக்கி தெப்பமும் பால்சாத் தடிகளால் ஆனதே.

தமிழில் என்ன சொல்லலாம்? சங்கப் பாடல்களில் தெப்பத்துக்குப் ‘புணை’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘புணைமரம்’ வரும். அழகான சொல்தான், ஆனால் கடையில் கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. ‘மென்மரம்’ என்பதும் ஒத்துவராது. தாவரவியல் வகைப்பாட்டில் அகன்ற இலை மரங்கள் எல்லாமே வன்மரம். நகத்தால் கீறினால் பள்ளம் விழும் பால்சாவும் அந்தப் பிரிவில்தான் வரும். நம் வேலிப் பூவரசும் இலவும் அதற்கு ஒரே குடும்பம். அதற்காக இலவம் பலகையை மாற்றாக எடுத்துவிடக் கூடாது. ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் எளிதாகக் கிடைக்கும் ரப்பர் மரமோ நான்கு மடங்கை நெருங்கும். ஆசாரி எவ்வளவு மெல்லியதாக இழைத்துக் கொடுத்தாலும் விமானத்துக்கு உதவாது.

அதிகம் புழங்குவது ‘தக்கை மரம்’. இதில் இரண்டு சிக்கல். தக்கை என்றால் புட்டி அடைப்பானும் வலையின் மிதவையும் ஏற்கெனவே நினைவுக்கு வரும். புட்டித்தக்கை தருவது வேறொரு மரத்தின் பட்டை. இரண்டாவதுதான் கட்டுகிறவர் கையைச் சுடுவது: தக்கை என்றதும் எல்லாப் பலகையும் ஒரே இலேசு என்று தோன்றிவிடுகிறது. அப்படி இல்லை. விற்கிற பலகைகளே கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோவிலிருந்து 200 கிலோவைத் தாண்டியும் போகும்.

ஆகவே தராசு வேண்டும். 1.5 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், 1000 மி.மீ. நீளமுள்ள பலகையின் கன அளவு 150 கன செ.மீ. அது 15 கிராம் இருந்தால் இலேசு ரகம், 24 கிராம் நடுத்தரம், 30 கிராம் கடினம். மூன்றும் ஒரே விலையில் ஒரே கட்டில் வரும். இலேசானதை வால் தகடுகளுக்கும் இறக்கை நுனிக்கும், நடுத்தரத்தை இறக்கைக்கு வடிவம் தரும் விலாச்சட்டங்களுக்கும், கடினமானதை இறக்கையின் நீளவாட்டில் ஓடித் தாங்கும் குச்சியான ஸ்பாருக்கும் உடல் முழுக்க ஓடும் நீளக் குச்சிகளுக்கும் ஒதுக்க வேண்டும். வாலுக்குக் கனப் பலகை போட்டால் என்ன ஆகும்? வால் சமநிலைப் புள்ளிக்கு 60 செ.மீ. பின்னாலும் பேட்டரி 20 செ.மீ. முன்னாலும் இருக்கிற விமானத்தில், வாலில் கூடிய 5 கிராமைச் சமன்செய்ய மூக்கில் 15 கிராம் ஈயம் கட்ட வேண்டும். ஒரு மீட்டர் இறக்கையும் 650 கிராம் எடையும் உள்ள பயிற்சி விமானத்தில் இது சின்ன விஷயமல்ல.

எடைக்கு அடுத்தது இழையோட்டம், அதாவது மரத்தின் நார் ஓடும் வாக்கு. ஏ, பி, சி என்ற மூன்று ரகமும் தடியை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதைக் குறிக்கின்றன. தரவரிசை என்று எண்ணி ஏ-யையே தேடி வாங்குகிறவர்கள் உண்டு. ஏ ரகத்தில் நீள நேர்க்கோடுகள் தெரியும், குறுக்காக வளையும். உருண்ட உடல் போர்த்த நல்லது. சி ரகத்தில் மினுக்கும் புள்ளிகள் இருக்கும், விறைப்பானது, வளைத்தால் பிளந்துவிடும். தட்டையான வாலுக்கும் விலாச்சட்டத்துக்கும் அதுவே சரி. பி இரண்டுக்கும் நடு.

விலாச்சட்டத்தில் இழை முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் இடையே அடைக்கும் துண்டில் மட்டும் இழை நின்றவாக்கில் இருக்க வேண்டும். படுக்கையாக ஒட்டினால், மூக்கு கீழாகப் பாயும் டைவிலிருந்து விமானத்தை நிமிர்த்தும்போது இரண்டு ஸ்பாரும் ஒன்றையொன்று நெருக்கி, துண்டு இழைவழியே பிளந்து, இறக்கை நடுவில் மடங்கும்.

பால்சா வேண்டாத இடமும் உண்டு. மோட்டார் பொருத்தும் முன்சுவரில் பால்சா போட்டால் திருகாணி பிடிக்காது, அதிர்வில் துளை பெரிதாகும். அங்கே 3 மி.மீ. பிளைவுட்டை, இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும் எபாக்சிப் பசையால் ஒட்ட வேண்டும். சயனோ என்ற உடனடிப் பசை சீக்கிரம் பிடித்தாலும் நொறுங்கும் குணமுள்ளது. முரட்டுத் தரையிறக்கத்தில் முன்சுவரே மோட்டாரோடு கழன்று வரும். விலாச்சட்ட வேலைக்கு மெல்லிய கோடாக இழுத்த பெவிகால் போதும். மற்றபடி புது பிளேடு முக்கியம்: மழுங்கியது வெட்டாமல் நாரை நசுக்கும். ஒரே அழுத்தாக அழுத்தாமல் மூன்று நான்கு முறை மெல்ல ஓட்ட வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, கடலோர ஈரமும் கூடுதல். பால்சா ஈரத்தை இழுக்கும்; சுவரில் சாய்த்து வைத்த பலகை வில்லாக வளையும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, சமதளத்தில் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் பெவிகால் காயவும் நேரமெடுக்கும். ஊசி குத்திய சட்டத்தை இரவு முழுக்க அடியில் வைத்துக் கட்டிய வேலைப் பலகையிலேயே விடுங்கள், அவசரப்பட்டுப் பிடுங்கினால் இறக்கை முறுகும். முறுகிய இறக்கை வானில் எப்போதும் ஒரு பக்கம் சாயும். அதை டிரிம்மால் (கட்டுப்பாட்டுத் தகட்டைச் சற்றே சாய்த்து வைக்கும் திருத்தத்தால்) அடக்கினாலும், வேகம் மாறினால் மறுபடி தலைகாட்டும்.

பெரிய காற்றாலை இறக்கைகளின் உள்ளடுக்கிலும் பால்சாத் துண்டுகள் வைப்பது வழக்கம். ஆனால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று இந்த 650 கிராம் விமானத்துக்கு ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் பறக்கவிடாமல், கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த நாஞ்சில் நாட்டு வயலில், வெயில் ஏறுமுன் முதல் பறப்பை வைத்துக்கொள்ளலாம்.