எரிமலைச் சேற்றில் மீத்தேன் உண்ணும் பாக்டீரியா

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய பொசுவோலியில் சோல்ஃபதாரா என்ற எரிமலைவாய் இருக்கிறது. தரை வெடிப்புகளில் நீராவி சீறும், குழிகளில் சாம்பல் நிறச் சேறு கொதிக்கும். எலுமிச்சைச் சாற்றைப் போல, சில இடங்களில் அதைவிடவும் அமிலமான சேறு அது. அடியிலிருந்து மீத்தேனும் கசிந்து வருகிறது. அந்த மீத்தேனை உண்டு வாழும் பாக்டீரியா ஒன்றை 2007இல் அறிவித்தார்கள். பெயர் மெத்திலாசிடிஃபிலம் ஃபியூமாரியோலிகம். ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும், பிஎச் (அமிலத்தின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 0.8 வரை இறங்கினாலும் வளர்ச்சி நிற்காது. நியூசிலாந்தின் டிக்கிட்டெரே வெந்நீர்ப் பகுதியிலும் ரஷ்யாவின் கம்சாத்காவிலும் இதன் உறவினங்கள் அதே காலத்தில் கிடைத்தன.

மீத்தேனை உடைப்பது எளிதல்ல. அதன் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்கு ஏறக்குறைய 440 கிலோஜூல் வேண்டும். செம்பு அடங்கிய மீத்தேன் மோனோஆக்சிஜனேஸ் என்ற நொதி, ஆக்சிஜன் மூலக்கூறின் ஓர் அணுவை மீத்தேனுக்குள் நுழைத்து மெத்தனால் ஆக்குகிறது. மற்ற அணு நீராகிப் போகிறது. இந்த முதல் படிக்கு இரண்டு எலக்ட்ரான்கள் செலவு. அடுத்து மெத்தனால் ஃபார்மேட்டாகவும், ஃபார்மேட் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும்போதுதான் வரவு தொடங்குகிறது. முதல் போட்டுத்தான் லாபம் பார்க்க முடியும். மீத்தேனும் ஆக்சிஜனும் ஒருசேர வேண்டும் என்பதால், கீழிருந்து வாயு ஏறி மேலிருந்து காற்று இறங்கும் அந்த இடைப்பட்ட மண் அடுக்கே இவற்றுக்கு ஏற்ற குடியிருப்பு.

ஆய்வகத்தில் வளர்க்க, பிஎச் 2 அளவுக்குக் கந்தக அமிலம் சேர்த்த ஊடகத்தை (சத்துகள் கரைந்த வளர்ப்பு நீர்) மூடிய குப்பியில் எடுத்து, நீருக்கு மேலே எஞ்சும் இடத்தில் மீத்தேன், காற்று, கார்பன் டை ஆக்சைடு மூன்றையும் நிரப்ப வேண்டும். மூன்றாவதை மறப்பவர்கள் உண்டு. மற்ற மீத்தேன் உண்ணிகள் பலவும் மீத்தேனிலிருந்தே உடல் கட்டும் கார்பனை எடுக்கும். இதுவோ தாவரங்களைப் போல, கால்வின் சுழற்சி என்ற வேதிவினைத் தொடரால் கார்பன் டை ஆக்சைடிலிருந்து எடுக்கிறது. நடுநிலை ஊடகத்துக்குப் போடுவதுபோல சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து வைத்தால், இந்த அமிலத்தில் அது நுரைத்து வாயுவாக வெளியேறிவிடும். அதனால் வாயுவாகவே கொடுக்க வேண்டும். அம்மோனியம் இல்லாவிட்டாலும் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அப்போது ஆக்சிஜனைக் குறைத்தே வைக்க வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். குப்பியருகே தீ கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வளர்ப்பு படுத்துவிட்டது. சோல்ஃபதாரா சேற்று நீரைக் கொஞ்சம் ஊற்றினால் வளரும், ஊற்றாவிட்டால் வளராது. வழக்கமான நுண்சத்துக் கலவைகள் பயன்படவில்லை. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்யன் போல் குழுவினர் 2014இல் விடை கண்டார்கள்: அருமண் தனிமங்கள் எனப்படும் உலோகங்கள். லாந்தனம், சீரியம், பிரசியோடிமியம், நியோடிமியம் ஆகியவற்றில் எது கிடைத்தாலும் நன்றாக வளர்கிறது. யூரோப்பியம், கடோலினியம் என்றால் வேகம் குறைகிறது.

காரணம் மெத்தனாலை உடைக்கும் நொதியில் இருக்கிறது. நெடுநாளாக அறிந்த வகையில் அதன் மையத்தில் கால்சியம் உட்கார்ந்திருக்கும். இந்த பாக்டீரியாவிடம் உள்ள வகையில் அந்த இடம் அருமண் அயனிக்கு. பருமனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே, ஆனால் அருமண் அயனிக்கு மூன்று நேர்மின்னூட்டம். அதைப் பிடித்துக்கொள்ள நொதியில் கூடுதலாக ஓர் அஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. எலக்ட்ரானை இழுக்கும் வலுவும் அதிகம்.

இங்கேதான் அமிலம் உதவிக்கு வருகிறது என்பது என் எண்ணம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருப்பதும் இதே சீரியமும் லாந்தனமும்தான். ஆனால் அங்கே அவை பாஸ்பேட்டாக இறுகிக் கிடக்கின்றன, சாதாரண நீரில் கரைவதில்லை. சோல்ஃபதாராவில் சூடான அமிலம் பாறையை அரித்து அவற்றை நீரில் இறக்கிவிடுகிறது. சேற்று நீரில் மைக்ரோமோலார் அளவில், அதாவது மிகச் சிறிதளவில், கரைந்திருக்கின்றன. உடலை அரிக்கும் அதே அமிலம்தான் சத்தையும் கொண்டுவந்து சேர்க்கிறது.

குளிர்நாட்டுக் கரிச்சதுப்புகளின் (அரைகுறையாக மட்கிய தாவரங்கள் குவிந்த ஈரநிலங்கள்) கதை வேறு. அங்கே பிஎச் 4 அல்லது 5 தான், அமிலம் மிதமானது. எனினும் அந்தச் சதுப்புகளின் மீத்தேன் உண்ணிகளைத் தனியே பிரித்து வளர்ப்பது 1998 வரை கைகூடவில்லை. வழக்கமான ஊடகத்தில் உப்பு அவற்றுக்குத் தாங்காத அளவில் இருந்தது. சதுப்பு நீரோ மழைநீரைப் போல உப்புக் குறைந்தது. ஊடகத்தை வெகுவாக நீர்த்து, பிஎச்சையும் இறக்கிய பிறகே அவை பிடிபட்டன. பின்னர் மெத்திலோசெல்லா என்று பெயர் பெற்றன. இத்தகைய பாக்டீரியாக்கள் ஸ்பேக்னம் பாசியின் வெற்றுச் செல்களுக்குள்ளும் குடியிருந்து, தாங்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைப் பாசிக்குக் கொடுக்கின்றன. நீரில் மூழ்கிய பாசிக்குத் தேவையான கார்பனில் 10 முதல் 15 சதவீதம் இப்படி மீத்தேனிலிருந்து வருவதாக 2005இல் கணக்கிட்டார்கள்.