ஒரே காருக்காகக் கட்டிய தொழிற்சாலை

வடக்கு ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு கல்யாணம் நடக்கிறது. வர்ணம் பூசி முடித்த காரின் கூடு மேலே தொங்கியபடி வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள், புகைக்குழாய் எல்லாம் ஒரு மேடையில் ஏறிக் கீழே காத்திருக்கும். மேடை உயரும், இரண்டும் சேரும், போல்ட்டுகள் முறுகும். ‘ஹோஹ்ட்சைட்’ என்பது ஃபோக்ஸ்வேகன் ஊழியர்கள் இந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர். ஜெர்மன் மொழியில் கல்யாணம் என்றே பொருள்.

வெள்ளைக் கூட்டுக்கு டீசல் எஞ்சின், அடுத்து வரும் சிவப்புக்குப் பெட்ரோலும் ஆட்டோமேட்டிக் கியரும், அதற்கடுத்தது வலப்பக்க ஸ்டியரிங்கோடு பிரிட்டனுக்குப் போவது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இருந்தும் ஜோடி மாறுவதில்லை. எப்படி?

இந்தக் கேள்வியே எழாத காலம் ஒன்று இருந்தது. 1938 மே 26 அன்று மிட்டல்லாண்ட் கால்வாய்க்கரையில் ஹிட்லர் அடிக்கல் நாட்டிய இந்த ஆலை, ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஒரே ஒரு காருக்காகக் கட்டப்பட்டது. விலை 990 மார்க். வாரம் 5 மார்க் கொடுத்து அட்டையில் தபால்தலை மாதிரி ஒன்றை ஒட்டிக்கொண்டே வந்தால் கார் கிடைக்கும் என்றார்கள். சுமார் 3 லட்சத்து 36 ஆயிரம் பேர் ஒட்டினார்கள். ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. நாமறிந்த சீட்டுக் கம்பெனி மோசடிகள் எல்லாம் இதன் முன்னால் சிறுபிள்ளை விளையாட்டு. போர் வந்தது, ஆலை ராணுவ வண்டிகள் செய்தது. சுமார் 20,000 பேர் இங்கே கட்டாய உழைப்பில் வதைபட்டார்கள். போர்க் கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் அவர்களில் உண்டு.

1945ல் ஆலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கைக்கு வந்தபோது கூரை பல இடங்களில் பெயர்ந்து கிடந்தது. ஆனால் இயந்திரங்கள் பலவற்றைக் குண்டுவீச்சுக்குப் பயந்து முன்பே வேறிடங்களுக்கு மாற்றியிருந்ததால் அவை தப்பின. பொறுப்பேற்ற மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் பொறியாளர். அங்கே கிடைத்த ஒரு காருக்கு ராணுவப் பச்சை அடித்து மேலிடத்துக்கு அனுப்பினார். 20,000 கார்களுக்கு ஆர்டர் வந்தது. கார்புரேட்டருக்கு என்ன செய்வது? ஒன்றைக் கழற்றி மேசைமேல் பரப்பினார். பெரிய பாகங்களை ஆலையிலேயே வார்த்துக்கொண்டு, நுணுக்கமான சிறு பாகங்களைப் பக்கத்து பிரவுன்ஷ்வைக் நகரின் கேமராத் தொழிலகத்தில் செய்யச் சொன்னார். இந்த ஆலையின் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். 1946ல் மட்டும் பத்தாயிரத்துச் சொச்சம் கார்கள் வெளிவந்தன.

1948ல் தலைமைக்கு வந்த ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் அந்த ஒரே காரை, பீட்டிலை, விடாமல் பிடித்துக்கொண்டார். 1955 ஆகஸ்டில் பத்து லட்சமாவது கார்; 1972 பிப்ரவரியில் 1,50,07,034வது. உலகில் அதிகம் தயாரான கார் என்ற ஃபோர்டின் மாடல் டி சாதனை அன்று முறிந்தது. ஒரே காரைச் செய்வதில் இருக்கும் சௌகரியம் கொஞ்சநஞ்சமல்ல. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சை மாற்ற வேண்டாம். எந்த எஞ்சினும் எந்தக் கூட்டுக்கும் பொருந்தும். யாருக்கு யார் என்று ஜாதகம் பார்க்கும் வேலையே இல்லை. ஆனால் அந்தக் கார் கிழடானால் ஆலையும் கூடவே கிழடாகும். எழுபதுகளின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. 1974ல் வோல்ஃப்ஸ்பர்க்கில் பீட்டிலை நிறுத்திவிட்டு கோல்ஃப் காருக்கு மாறினார்கள்.

இப்போது உள்ளே போவோம். பெரிய பெரிய சுருள்களாக எஃகுத் தகடு வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன். அளவாக வெட்டிய தகட்டை அச்சில் வைத்து அழுத்தினால் கதவோ கூரையோ ஆகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். எஃகுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அழுத்தம் விலகியதும் இம்மியளவு பின்னோக்கி நிமிரும். அதனால் அச்சையே வேண்டிய வடிவத்தைவிடச் சற்று கூடுதலாக வளைத்துச் செய்கிறார்கள்.

அழுத்திய துண்டுகளைக் கூடாக இணைப்பது ரோபோக்கள். இரண்டு செம்பு முனைகள் தகடுகளை இடுக்கிப் பிடிக்க, பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம் நொடிக்கும் குறைவான நேரம் பாயும். செம்பு மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும், உள்ளே தண்ணீரும் ஓடிக் குளிர்விக்கும். தகடும் தகடும் தொடும் இடத்தில்தான் மின்தடை அதிகம். ஆகவே வெளிப்பரப்பு தப்பிக்க, நடுவில் மட்டும் உருகி ஒட்டுகிறது. ஒரு காரில் இப்படி ஆயிரக்கணக்கான பொட்டுகள்.

அடுத்து வர்ணம். முதல் பூச்சுக்குத் தெளிப்பான் கிடையாது. கூட்டை அப்படியே ஒரு தொட்டியில் முக்குகிறார்கள். கூட்டுக்கும் தொட்டி நீருக்கும் இடையே மின்சாரம் பாய, நீரில் கலந்திருக்கும் வர்ணத் துகள்கள் எஃகின்மேல் போய்ப் படியும். இதில் அழகு என்னவென்றால், படிந்த வர்ணம் மின்சாரத்தைத் தடுக்கும். பூசிய இடத்தில் மேலும் பூச முடியாமல் மின்னோட்டம் இன்னும் பூசாத மூலைகளைத் தேடிப் போகும். கை நுழையாத இடுக்குகளும் இப்படித்தான் துருவிலிருந்து தப்புகின்றன. சாந்து தானே போய்ச் சந்து அடைப்பதுபோல.

ஆனால் வர்ணக்கூடம் ஒரு குழப்பத்தையும் உண்டாக்கும். ஒரு கூட்டில் தூசி ஒட்டியிருந்தால் அது திரும்பிப் போகும். ஒரே நிறத்தைச் சேர்த்து அடித்தால் மிச்சம் என்பதால் வரிசை முன்பின்னாகும். அடுத்த கூடத்துக்கோ வரிசை குலையவே கூடாது. இருக்கை செய்யும் ஆட்கள், எந்தக் கார் எத்தனையாவதாக வரும் என்ற பட்டியலைப் பார்த்து அதே வரிசையில் இருக்கைகளை லாரியில் அடுக்குகிறார்கள். இதை ‘முத்துமாலை’ என்பார்கள் ஜெர்மனியர்கள். கோத்த முத்தை இடம் மாற்றக் கூடாது. ஆகவே வர்ணக்கூடத்துக்கும் பொருத்துகூடத்துக்கும் நடுவே கூடுகளை அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்று உண்டு. கலைந்து வந்தவற்றை அங்கே நிறுத்தி, பட்டியல்படி ஒவ்வொன்றாக எடுத்து மாலையை மறுபடி கோக்கிறார்கள். ஒவ்வொரு கூடும் தன் அடையாள எண்ணைச் சுமந்து வரும். எஞ்சின் மேடைக்கும் அதே எண். தொடக்கத்தில் கேட்டோமே, ஜோடி மாறாத ரகசியம் இவ்வளவுதான்.

பொருத்துகூடத்தில் முதல் காரியமாகக் கதவுகளைக் கழற்றிவிடுவார்கள். ஆட்கள் உள்ளே போய்வர வசதி, வர்ணத்திலும் கீறல் விழாது. கண்ணாடி, பூட்டு எல்லாம் வேறொரு வரிசையில் கதவில் ஏறும். கடைசியில் அதே கதவு அதே காருக்கே திரும்ப வேண்டும்.

மாலை அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மார்ச் சாட்சி. காருக்குள் நரம்புபோல் ஓடும் வயர் கட்டை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகக் கட்டுகிறார்கள். சூடேறும் இருக்கை கேட்டவருக்கு ஒரு மாதிரி, கேட்காதவருக்கு வேறு மாதிரி. அவற்றில் பல மேற்கு உக்ரைனில் கட்டப்பட்டு வந்தன. ரஷ்யா படையெடுத்ததும் வரவு நின்றது. வோல்ஃப்ஸ்பர்க்கில் வேலை நின்றது. இரும்பு இருந்தது, எஞ்சின் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள்.

வயர் கட்டுதான் ரோபோவுக்கும் வில்லன். எஃகு வளையாமல் நிற்கும், ரோபோ அதைப் பிடித்துவிடும். துவளும் வயரை ஒரு பொந்துக்குள் நுழைத்து இழுக்க விரலும் கண்ணும் வேண்டும். 1983ல் ‘ஹால் 54’ என்ற கூடத்தில் இரண்டாம் தலைமுறை கோல்ஃபைப் பொருத்த ரோபோக்களைக் குவித்தார்கள். கல்யாணத்தையே அவற்றிடம் விட்டார்கள். ரோபோவுக்குத் தோதாகக் காரையும் மாற்றினார்கள்: முன்பக்கத்தைத் திறந்தபடி விட்டு எஞ்சினை அந்த வழியே தள்ளினார்கள், துளை தேடித் தடுமாறாமல் இருக்கத் திருகுகளுக்குக் கூம்பு முனை வைத்தார்கள். இத்தனை செய்தும் பொருத்தும் வேலையில் சுமார் கால் பங்கைத்தான் இயந்திரத்துக்கு மாற்ற முடிந்தது. இன்றைக்கும் கூடு கட்டும் இடத்தில் ஆளைத் தேட வேண்டும். பொருத்தும் இடத்தில் ஆட்கள் நிறைந்திருப்பார்கள்.

அத்தனை பேருக்கும் பசிக்குமே. 1973 முதல் ஆலையே தன் சொந்த சாசேஜைச் செய்துவருகிறது. அதற்கும் உதிரிபாக எண் உண்டு: 199 398 500 ஏ. பல ஆண்டுகளில் ஃபோக்ஸ்வேகன் பெயரில் விற்ற கார்களைவிட இந்தச் சாசேஜ்கள் அதிகம். 2021ல் ஒரு கேன்டீனில் இதை நிறுத்தியபோது, முன்னாள் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரே கண்டனம் தெரிவித்தார். இரண்டு ஆண்டுகளில் திரும்பி வந்துவிட்டது.

கோல்ஃபுக்கு அப்படி ஒரு பரிந்துரை எடுபடவில்லை. 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி, ஜெர்மனியில் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலையிடங்கள் குறையும். பெட்ரோல், டீசல் கோல்ஃப் 2027ல் மெக்சிகோவின் புவெப்லா ஆலைக்குப் போகும் என்றும் அதில் முடிவானது. உலகின் கடைசிப் பழைய பீட்டில் 2003 ஜூலையில் வெளிவந்ததும் அதே புவெப்லாவில்தான்.