இடுப்பு மூட்டு மாற்று: இம்ப்ளான்டின் அளவும் பொருளும், அவற்றை அறியும் உரிமையும்

முழு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் பொதுவாக நான்கு பாகங்கள் உடம்புக்குள் வைக்கப்படுகின்றன. இவற்றைத்தான் இம்ப்ளான்ட் என்கிறார்கள். இடுப்பெலும்பின் குழியில் பொருந்தும் கிண்ணம், அதற்குள் உள்ளுறை போல உட்காரும் லைனர், தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டு, தண்டின் கழுத்தில் மாட்டப்படும் பந்து. ஒவ்வொன்றுக்கும் தனி அளவும் தனித் தயாரிப்பு எண்ணும் உண்டு. எதனால் செய்யப்பட்டது என்பதும் பாகத்துக்குப் பாகம் மாறும். இந்த விவரங்கள் நோயாளியைச் சென்றடைய வேண்டும் என்பதற்குச் சில நாடுகளில் இப்போது சட்டமே இருக்கிறது. அந்த விதிகள் என்ன தருகின்றன, அளவும் பொருளும் எப்படி முடிவாகின்றன, அதில் நோயாளி எங்கே கேள்வி கேட்கலாம் என்று பார்க்கலாம்.

அளவைப் பொறுத்தவரை நோயாளி தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் எக்ஸ்ரேயில், அளவு தெரிந்த ஒரு உலோகக் குண்டையும் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பது வழக்கம். எக்ஸ்ரே எலும்பைக் கொஞ்சம் பெரிதாக்கியே காட்டும். குண்டு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை வைத்து எலும்பின் உண்மையான அளவைக் கணக்கிடுவார்கள். பிறகு கணினியில் அந்தப் படத்தின் மேல் இம்ப்ளான்ட் வடிவங்களை வைத்துப் பார்த்து, எது பொருந்தும் என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் அது திட்டம் மட்டுமே. கடைசி முடிவு ஆபரேஷன் மேஜையில்தான். எலும்பைச் செதுக்கிய பின் மாதிரிப் பாகங்களை மாட்டி, காலை மடக்கித் திருப்பி, மூட்டு நழுவுகிறதா, இரண்டு கால்களின் நீளமும் ஒத்துப்போகிறதா என்று சோதித்துவிட்டே உண்மையான பாகங்களை வைக்கிறார்கள். கிண்ணங்கள் பெரும்பாலும் 2 மி.மீ. படிகளில் வருவதால், திட்டத்தில் 52 என்று இருந்து கடைசியில் 54 வைத்திருந்தால் பதற வேண்டியதில்லை. தண்டு தேவைக்கு மேல் சிறியதாக இருந்தால் எலும்புக்குள் இறங்கிவிடும். பெரியதாக இருந்தால் எலும்பு விரிசல் விடலாம். இரண்டுக்கும் நடுவே சரியானதைக் கண்டுபிடிப்பது சர்ஜனின் கை அனுபவம்.

பந்தின் விட்டம் மட்டும் பேசத் தகுந்த விஷயம். இன்று அதிகம் பயன்படுபவை 28, 32, 36 மி.மீ. பந்து பெரிதாக இருந்தால் கிண்ணத்தை விட்டு வெளியே நழுவ அது அதிக தூரம் நகர வேண்டும். அதனால் மூட்டு விலகும் ஆபத்து குறைகிறது. ஆனால் அதே கிண்ணத்துக்குள் பெரிய பந்து வேண்டுமென்றால் லைனர் மெலிந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் சிறிய எலும்பு உள்ளவர்களுக்குப் பெரிய பந்து பல நேரம் சாத்தியப்படுவதில்லை. நரம்புக் கோளாறு, முன்பு செய்த முதுகெலும்பு ஆபரேஷன் போன்றவற்றால் மூட்டு விலகும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள், "எனக்கு எந்த அளவு பந்து வைக்க நினைக்கிறீர்கள், ஏன்?" என்று தயங்காமல் கேட்கலாம்.

பொருள் விஷயத்தில் நோயாளியின் குரலுக்கு இன்னும் அதிக இடம் உண்டு. ஒன்றோடொன்று உரசும் இரண்டு பரப்புகள் எவை என்பதுதான் இங்கே முக்கியம். இன்று பரவலாக இருப்பது உலோகப் பந்து அல்லது செராமிக் (பீங்கான் போன்ற பொருள்) பந்து, அதற்கு எதிரே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன லைனர். பழைய பாலிஎத்திலீன் தேய்ந்து உதிர்த்த நுண்துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கச் செய்து, இம்ப்ளான்ட் தளர்வதற்குப் பெரிய காரணமாக இருந்தன. 1990களின் கடைசியில் வந்த, கதிர்வீச்சால் இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட பாலிஎத்திலீன் அந்தத் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. செராமிக்கோடு செராமிக் உரசும் ஜோடி இன்னும் குறைவாகவே தேயும். ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சொலி வரும். மிக அரிதாக உடையவும் கூடும். உடைந்தால், உள்ளே தங்கிவிடும் கூர்மையான துகள்கள் உலோகப் பந்தைச் சுரண்டி அழித்துவிடும் என்பதால், மறு ஆபரேஷனில் மறுபடியும் செராமிக் பந்தையே வைக்கப் பார்ப்பார்கள். முன்பு வைத்த பாகங்களின் விவரம் இல்லாமல் இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்.

உலோகத்தோடு உலோகம் உரசும் ஜோடிதான் விதிகள் இறுகக் காரணமான கதைகளில் முக்கியமானது. 2000களின் தொடக்கத்தில் இளம் வயது நோயாளிகளுக்கு ஏற்றது என்று அது நிறையப் பயன்பட்டது. உரசலில் கோபால்ட், குரோமியம் துகள்கள் உதிர்ந்து, மூட்டைச் சுற்றியுள்ள தசை கெட்டுப்போவது பிறகு தெரிய வந்தது. 2010 ஏப்ரலில் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரிக்கை விட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் டீபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். வகை இம்ப்ளான்ட்கள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. வைக்கப்பட்டவை ஏறத்தாழ 93,000. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் எழுந்த முதல் கேள்வி, தன் உடம்பில் இருப்பது அந்த மாடல்தானா என்பதே. அதற்குப் பதில் சொல்ல ஆவணம் வேண்டும்.

அந்த ஆவணத்தைத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் மருத்துவச் சாதன ஒழுங்குமுறை (2017/745) கட்டாயமாக்குகிறது. 2021 மே 26 முதல் இது நடைமுறையில் உள்ளது. இடுப்பு மூட்டு இம்ப்ளான்ட்கள் இதில் மிக உயர்ந்த ஆபத்து வகுப்பான மூன்றாம் வகுப்பில் வருகின்றன. 18-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் ஒவ்வொரு இம்ப்ளான்டோடும் ஒரு அட்டை தர வேண்டும். சாதனத்தின் பெயர், மாடல், தொடர் எண் அல்லது தொகுதி எண், தனித்த அடையாள எண், தயாரிப்பாளரின் பெயர், முகவரி, இணையதளம் ஆகியவை அதில் இருக்கும். நோயாளியின் அடையாளத்தை அட்டையில் சேர்த்துக் கொடுக்க வேண்டியது மருத்துவமனையின் பொறுப்பு. இதோடு எச்சரிக்கைகள், எதிர்பார்க்கும் ஆயுட்காலம், தேவையான தொடர் பரிசோதனை, நோயாளியின் உடம்போடு தொடர்புபடும் பொருட்கள் என்னென்ன, எவ்வளவு என்ற விவரமும் தரப்பட வேண்டும். சாதாரணமாக ஒருவருக்குப் புரியும் மொழியில் எழுத வேண்டும் என்பதையும் விதி சொல்கிறது. எலும்பை இணைக்கும் ஸ்க்ரூ, தகடு, கம்பி போன்றவற்றுக்கு இந்த அட்டை விதி பொருந்தாது.

இதே ஒழுங்குமுறையின் 32-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் பாதுகாப்பு, செயல்திறன் பற்றிய சுருக்க அறிக்கை ஒன்றைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது. கோபால்ட் கலந்த பாகங்களின் லேபிளில் அதைக் குறிப்பிடும் கடமையும் உண்டு. 2021 அக்டோபர் முதல் ஐரோப்பாவில் கோபால்ட் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் வரிசையில் வந்துவிட்டதே காரணம். லேபிளைப் பார்த்து உலோகப் பந்துக்கே தடை என்று எண்ணிவிடக் கூடாது, தடை இல்லை. சில உலோகப் பாகங்களில் நிக்கலும் இருக்கலாம் என்பதால், நிக்கல் நகை பட்டால் தோல் அரிக்கும் வழக்கம் உள்ளவர்கள் அதை சர்ஜனிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் புதிய இம்ப்ளான்ட்களுக்கு 2018 டிசம்பர் 1 முதல் அட்டையும் விளக்கத் தாளும் கட்டாயமாயின. ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2021 டிசம்பர் 1 வரை அவகாசம் தரப்பட்டது.

பிரிட்டனில் இன்னொரு பயனுள்ள அளவுகோல் இருக்கிறது. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு 2014-இல் சொன்னபடி, 10 ஆண்டுகளில் மறு ஆபரேஷன் 5 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருக்கும் இம்ப்ளான்ட்களையே பயன்படுத்த வேண்டும். 2000-இல் இந்த வரம்பு 10 சதவீதமாக இருந்தது. தண்டுக்கும் கிண்ணத்துக்கும் ஓடெப் என்ற நிபுணர் குழு தனித்தனியே மதிப்பீடு தருகிறது. 10ஏ என்றால் பத்தாண்டுத் தரவு இருக்கிறது என்று பொருள். நட்சத்திரம் சேர்ந்தால் இன்னும் வலுவான தரவு. "நீங்கள் வைக்கப்போகும் தண்டின் ஓடெப் மதிப்பீடு என்ன?" என்று கேட்பதில் தவறே இல்லை. மாற்று வழிகளையும் நோயாளிக்கு முக்கியமான ஆபத்துகளையும் மருத்துவர் விளக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இல் மான்ட்கோமரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. சிமென்ட் வைத்து ஒட்டும் தண்டா, எலும்பு தானே வளர்ந்து பிடிக்கும் தண்டா என்ற கேள்வியும் இதில் அடங்கும். வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். சிமென்ட் இல்லாத தண்டை இறுக்கி இறக்கும்போதும் அதற்குப் பிறகும் எலும்பு முறியும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம் என்பதால், சிமென்டைப் பரிந்துரைப்பார்கள்.

சரி, அட்டை தொலைந்துவிட்டால்? அல்லது இந்த விதிகள் வருவதற்கு முன்பே ஆபரேஷன் நடந்திருந்தால்? ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் அளவும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். அவற்றை ஆபரேஷன் குறிப்பில் ஒட்டி வைப்பது வழக்கம். மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, அதில் பெரும்பாலும் "மூட்டு மாற்றப்பட்டது" என்ற அளவில்தான் இருக்கும். நகல் கிடைத்ததும் நான்கு பாகங்களுக்கும் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சில வகைகளில் கிண்ணமும் லைனரும் ஒரே பாகமாக வரும், அப்போது மூன்றுதான் இருக்கும். அதை போனில் படம் எடுத்து, குடும்பத்தில் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.