25 மில்லிமீட்டருக்கு என்ன விலை?

செகண்ட் ஹேண்ட் கார் தேடுபவர்கள் பலர் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான்: 2014இல் வந்த ஹோண்டா சிட்டியா, 2015இல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவா? முன்னது செடான், பின்னது எஸ்யூவி. "கிரெட்டா உயரமான வண்டி, ரோடு எப்படி இருந்தாலும் கவலையில்லை" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் கண்டிப்பாக இருப்பார்.

சரி, அந்த உயரத்தை அளந்துவிடலாம். தரைக்கும் சிட்டியின் அடிவயிற்றுக்கும் 165 மி.மீ. இடைவெளி. கிரெட்டாவுக்கு 190. வித்தியாசம் 25 மி.மீ., ஓர் அங்குலம்தான். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறி ஸ்பிரிங் அமுங்கிய நிலையில், ஊருக்கு ஓர் அளவில் போட்டிருக்கும் வேகத்தடைகளில் அந்த ஓர் அங்குலத்தின் அருமை தெரியும். ஆனால் கூரையைப் பாருங்கள்: 1,495இலிருந்து 1,630 மி.மீ.க்கு ஏறிவிட்டது. மீதி உயரமெல்லாம் நிமிர்ந்து உட்காரத்தான். முட்டிவலிக்காரர்கள் இருக்கும் வீட்டில் அதுவும் பெரிய விஷயமே.

இதற்கான கட்டணத்தை முதலில் வசூலிப்பது காற்று. அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால், கிரெட்டா காற்றுக்குக் காட்டும் முகம் சுமார் 14 சதவீதம் பெரியது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு 40 கி.மீ.யிலிருந்து 100க்குப் போனால் வேகம் இரண்டரை மடங்கு, எதிர்ப்போ ஆறே கால் மடங்கு. அதனால் ஊருக்குள் இந்த 14 சதவீதம் கண்ணில் படாது. நாற்கரச் சாலையில் பெட்ரோல் முள் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது வளைவு. எடை மையம் மேலே போகப் போக, திருப்பத்தில் வண்டி வெளிப்பக்கம் சாயும். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை எடை மையத்தின் உயரத்தால் வகுத்து, கவிழும் வாய்ப்பை மதிப்பிடுவார்கள். பெரும்பாலான கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும், எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறைந்தால் ஆபத்து கூடுகிறது என்று அர்த்தம்.

இதுவரை சொன்னது புது வண்டிக்கும் பொருந்தும். பழைய வண்டியில் இதோடு ஷாக் அப்சார்பரும் சேர்ந்துகொள்கிறது. குழாய்க்குள் எண்ணெய், அதில் சிறு துளைகள் கொண்ட பிஸ்டன், அவ்வளவுதான் அது. பள்ளத்தில் ஸ்பிரிங் குதிக்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கித் தள்ளப்பட்டு, குதிப்பின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. வருடக்கணக்கில் ஓடி சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்துவிட்டால், தள்ளாட்டத்தை அடக்க ஆளில்லை. அது தாழ்ந்த வண்டியைவிட உயர்ந்த வண்டியைத்தான் அதிகம் ஆட்டிவைக்கும். போதாததற்கு, "எஸ்யூவிதானே" என்று முந்தைய உரிமையாளர் எந்தப் பள்ளத்துக்கும் பிரேக் போடாமல் ஓட்டியிருப்பார்!

பரிசோதிக்க ஒரு நிமிடம் போதும். வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் பெரும்பாலும் நல்லது. இரண்டு மூன்று முறை ஊசலாடினால், குனிந்து ஷாக் அப்சார்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா பாருங்கள். குனிந்தது குனிந்தாயிற்று, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படித்துவிடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஓடோமீட்டர் 30,000 கி.மீ. என்கிறது, நான்கு டயரும் வண்டியைவிட மூன்று வயது இளையவை என்றால், பேரத்தைத் தொடங்கும் முன் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிட்டது: இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு நான்கு டயரையும் ஏன் மாற்றினார்கள்?